கீழ்மலையின் வெந்நீர்

திண்டுக்கல்லை விட்டுத் தருமத்துப்பட்டியைக் கடந்து, பன்றிமலை வழியாக ஆடலூருக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிரயாணம் செய்பவர்களுக்கு, மூடுபனிக்கும் காப்பிச் செடிகளுக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது விறகுதான். வீட்டுக்கு வீடு, இறவாரத்தின் கீழே, மழைச்சாரல் எட்டாத பக்கமாகப் பார்த்து, முழங்கை நீளத் துண்டுகளாகத் தறித்துச் சுவரோடு ஒட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த விறகில் ஒரு பங்கு சோறு பொங்கப் போகிறது. மற்றொரு பங்கு குளிக்க வெந்நீர் காயப் போகிறது. சமவெளிக்காரருக்கு வெந்நீர் ஸ்நானம் என்பது பிணியாளிக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாளுக்கும், ஆண்டுக்கொரு முறை தீபாவளி விடியற்காலைக்கும் உரிய விசேஷமாக இருக்க, மலைக்காரருக்கு அது அன்றாட ஜீவனத்தின் அங்கமாகவே இருந்து வந்திருக்கிறது. அந்தத் தேவையை அவர்கள் எவ்விதம் நிறைவேற்றிக்கொண்டார்கள், அதன் பாரம் யார் தலையில் ஏறியிருந்தது, பாய்லரும் தொட்டியும் வந்தபின் அது எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதைப் பற்றியே நான் எழுதப் புகுந்தேன்.

பழனி மலைத்தொடரை அங்கே குடியிருப்பவர்கள் மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய ஊர்கள் மேல்மலை. கிழக்கே தாழ்ந்து இறங்கும் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பன்றிமலை, ஆடலூர் முதலியவை கீழ்மலை. மேல்மலையில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரிக்கும். கீழ்மலையில் குளிர் அவ்வளவு உக்கிரமானதல்ல. ஆனால் அங்கே ஈரம் அதிகம். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கி ஓய்ந்ததும் ஓயாததுமாகக் காப்பிப் பழம் பறிப்புக்கு வந்துவிடும். நாள் முழுவதும் நனைந்த செடிகளுக்கிடையே நின்று, பழத்தின் பிசுபிசுப்பு விரல்களில் ஏற, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிய, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புகிறவளுக்கு ஒரு குடம் வெந்நீர் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் மறுநாள் வேலைக்கு எழுந்திருக்க முடிகிறதா இல்லையா என்பதையே நிர்ணயித்துவிடும். இதைச் சௌகரியம் என்று சொல்வது பொருந்தாது.

இந்தத் தேவைக்குக் கீழ்மலைக் குடியானவர் கண்ட பழைய உபாயம் கொடியடுப்பு. தமிழ்நாடு முழுவதும் வழங்கிய சாதனமே ஆனாலும், அதன் உபயோகம் முழுமையாக வெளிப்படுவது மலைப்பிரதேசத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். மண்ணைக் குழைத்து அமைத்த முன்னடுப்பில் எரியும் தீ, உள்ளே விட்டிருக்கும் புழை வழியாகப் பின்னால் தாவி, பக்கத்துக் கொடியடுப்பின் வாயிலும் சென்று உறைக்கும். முன்னே சோறு கொதிக்கக் கொதிக்க, பின்னே தவலை நீர் தானாகச் சூடேறும்; தனியே ஒரு சுள்ளிகூட வைக்க வேண்டியதில்லை. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் கட்டி, ஈர விறகை அதன்மேல் அடுக்கியிருப்பார்கள். கீழிருந்து எழும் புகையும் உஷ்ணமும் அந்த விறகைச் சிறிது சிறிதாக உலர்த்தி, அடுத்த வாரத்துக்குத் தயாராக்கி வைக்கும். ஒரு கிலோ எடையுள்ள ஈரம் ஆவியாவதற்கு மட்டும் 540 கிலோகலோரி வெப்பம் செலவாகும் என்று பௌதிக நூல்கள் பிற்காலத்தில் கணக்கிட்டுச் சொன்னதை, பரண் கட்டியவர்கள் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள்.

ஆயினும் கொடியடுப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு தவலை நீர் ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்குக் காணும். குடும்பம் முழுவதும் குளிக்க வேண்டுமானால் பின்கட்டில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றியாக வேண்டும். அப்போதுதான் பாரம் தொடங்குகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். 15 பாகை குளிரில் இருக்கும் அந்த நீரை 45 பாகைக்கு ஏற்ற 3,000 கிலோகலோரி வேண்டும். நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரிக்கு மேல் தரக்கூடியதுதான். ஆனால் மூன்று கல் அடுப்பில் எரியும் தீயில் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று அதிகமோதான் பாத்திரத்தைச் சேர்கிறது. மற்றதெல்லாம் காற்றோடு போகிறது. ஆகவே ஒரு வேளைக் குளிப்புக்கு ஏழு கிலோ விறகு வேண்டியிருக்கும். காட்டிலிருந்து ஒரு பெண் தலையில் சுமந்து வரக்கூடியது இருபது, முப்பது கிலோ. எனவே மூன்று நான்கு நாளைக்கு ஒரு சுமை வெந்நீருக்கென்றே சுமக்க வேண்டும். நீரையும் ஓடையிலிருந்து இடுப்பில் சுமந்தே மேடேற்ற வேண்டும். ஆண்கள் குளித்த பிறகு குழந்தைகளும், குழந்தைகளுக்குப் பிறகு மிஞ்சியிருந்தால் சுமந்தவளும் குளிப்பது என்ற கிரமம் எத்தனை வீடுகளில் நிலவியிருக்கும் என்பதைத் தமிழ்க் குடும்ப வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலையின் மறுகோடியில், கொடைக்கானலில், வேறொரு வெந்நீர் வழக்கம் வந்து சேர்ந்தது. 1821இல் லெப்டினென்ட் வார்டு இந்த மலைகளை அளந்து எழுதினார். 1845இல், மதுரையில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், கொடிய வெயிலுக்கும் வாந்திபேதிக்கும் தங்கள் கூட்டத்தாரைப் பலிகொடுத்து அலுத்து, கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதன் பிறகு துரைமார்களின் வருகை பெருகிற்று. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் ரயில் வந்த பின்பும், அம்மையநாயக்கனூரில் இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குச் சென்று, அங்கிருந்து கால்நடையாகவோ குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் மேலேறினார்கள். மோட்டார் செல்லக்கூடிய லாஸ் மலைப்பாதை முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியது 1910-களின் நடுவில்தான். அது வரையில் இரும்பு அடுப்பானாலும், குளிக்கும் தொட்டியானாலும், குழாயானாலும், மனிதர் தலையிலும் தோளிலும் ஏறித்தான் அந்தச் செங்குத்துப் பாதையைக் கடந்தது.

பங்களாவின் வெந்நீர் முறை தொடக்கத்தில் குடிசையின் முறையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. வீட்டுக்குப் பின்னால் திறந்த அடுப்பில் செம்புப் பானைகளையும், பிற்பாடு மண்ணெண்ணெய் வந்திறங்கிய நான்கு காலன் தகரங்களையும் ஏற்றிக் காய்ச்சி, அவற்றைக் கம்பிக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறையின் பின்கதவு வழியாக நுழைந்து தொட்டியில் ஊற்றுவான் வேலைக்காரன். பழைய பங்களாக்களின் குளியலறைகளுக்குத் தோட்டத்துப் பக்கமாகத் தனியே ஒரு சிறு கதவு இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். வெந்நீர் சுமப்பவனுக்கும் கழிவு அகற்றுபவனுக்கும் உரிய வழி அது. ஏரியை 1863இல் உண்டாக்கிய கலெக்டர் லெவிஞ்சின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். அக்கதவு வழியாக நுழைந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

சுமக்கும் வேலையை நீக்கிய சாதனம் சமையலறைக்குள்ளேதான் பிறந்தது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, பங்களாக்களின் வழியே நம் மலைகளுக்கும் வந்த அந்த ஏற்பாடு இது: சமையல் அடுப்பின் தீக்குப் பின்னால் ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் எழும்பி, உயரத்தில் வைத்திருக்கும் தொட்டியின் மேற்பகுதியில் போய்ச் சேரும். தொட்டியின் அடியிலிருந்து இன்னொரு குழாய் இறங்கி, பெட்டியின் அடிப்பாகத்தில் புகும். தீ மூண்டதும் பெட்டியிலுள்ள நீர் சூடேறி விரிந்து கனம் குறைந்து மேலே எழுகிறது. தொட்டியிலுள்ள குளிர்ந்த நீர் தன் கனத்தினாலேயே கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. பம்பு இல்லை, ஆள் இல்லை. தீ இருக்கும் வரையில் நீர் தானே சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் பலகாரம் முடிவதற்குள் தொட்டி நிறைய வெந்நீர் சேர்ந்துவிடும். தொட்டியைச் சுற்றி மரத்தூளோ உமியோ அடைத்துப் பலகையால் மூடியிருந்தால் இராத்திரி வரைக்கும் சூடு இருக்கும். தொட்டியின் உச்சியிலிருந்து வானத்தை நோக்கி ஒரு சிறு குழாய் திறந்தபடி நிற்க வேண்டும்; நீராவிக்கு அதுதான் வாசல். அது அடைபட்டாலோ, நீர் வரும் வழி தடைப்பட்டுப் பெட்டி வறண்டாலோ வெடித்துவிடும் என்பதால், பொறுப்புள்ள கொத்தனார்கள் அந்தக் குழாயை மட்டும் வளைக்காமல் நேராகவே விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்தவர்கள், அதன் உட்பொருள் நம் கொடியடுப்பிலேயே இருந்தது என்பதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே தீயில் முன்னே சமையல், பின்னே வெந்நீர் என்ற யுக்தி இரண்டுக்கும் பொது. இங்கே இல்லாதது குழாயும் தொட்டியுமே. அவை இல்லாமற்போனதற்குக் காரணம் அறிவின் குறையல்ல, இரும்பின் விலை. உலகில் இதற்கு இன்னும் பழைய பந்துக்களும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய விட்ருவியஸ், பொதுக் குளியற்கூடங்களின் உலைக்கு மேல் வெந்நீர், இளஞ்சூட்டு நீர், தண்ணீர் என மூன்று வெண்கலப் பாத்திரங்களை அமைத்து, வெந்நீர் செலவாகும் அளவுக்கு இளஞ்சூட்டு நீரும், அது குறையும் அளவுக்குத் தண்ணீரும் தாமே வந்து நிரம்பும்படி செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறார்.

கீழ்மலைக்கு இந்தத் தொட்டி முறை காப்பித் தோட்டப் பங்களாக்களின் வழியாக வந்து சேர்ந்தது. ஆங்கே அது மலையின் இயல்புக்கு ஏற்ப மாறிற்று. குளியலறைச் சுவருக்கு வெளியே சாய்ப்பு இறக்கி, செங்கல் அடுப்புக் கட்டி, அதன்மேல் பீப்பாயைப் படுக்கவைத்துச் சுற்றிலும் மண் பூசிவிடுவார்கள். தீயிடும் வாய் வெளிப்புறத்தில் இருப்பதால் சாம்பலும் புகையும் வீட்டுக்குள் வருவதில்லை. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் வேகத்திலேயே தொட்டியை நிரப்பும். சமவெளியின் கிணற்று நீர் பாய்லருக்குள் சுண்ணாம்புப் படிவத்தைக் கெட்டியாகக் கட்டிச் சில வருஷங்களில் குழாயையே அடைத்துவிடும். பாறையில் பிறந்த மலையோடை நீரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எரிப்பதற்குக் காடு தேடி அலையவேண்டிய அவசியமும் தோட்டத்தில் குறைந்தது. ஆண்டுதோறும் காப்பிச் செடியைக் கவாத்து செய்து கழிக்கும் குச்சிகளும், நிழல் மரங்களாக நின்ற சில்வர் ஓக் கிளைகளும், வயதாகிப் பிடுங்கிய காப்பித் தூர்களும் போதும். காப்பித் தூர் கனமானது, நின்று எரியும், கங்கு நெடுநேரம் அணையாது. நிழலுக்கு வைக்கும் கல்யாண முருங்கையோ எவ்வளவு உலர்ந்தாலும் ஒரு சுவாலையோடு சாம்பலாகிவிடும். அதை வெந்நீருக்கு யாரும் எடுப்பதில்லை.

பங்களாவின் பாய்லரைப் பார்த்துக் குடியானவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. பாதைகளுக்குத் தார் போட்ட பிறகு மிஞ்சிய தார் பீப்பாய்களும், டீசல் வந்த 200 லிட்டர் டிரம்களும் பட்டறையில் அறுபட்டுப் பற்றவைக்கப்பட்டு, பிள்ளைகள் நிறைந்த வீடுகளின் பின்கட்டில் வந்து உட்கார்ந்தன. வசதியுள்ளவர்கள் சமவெளியிலிருந்து செம்புப் பாய்லர் வாங்கி வந்தார்கள். அந்தச் செம்புப் பாய்லரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கன்னாரின் கைத்திறன் குளியலறையில் குடிகொண்டது அதில்தான்.

இடுப்பளவு உயரத்தில் உருளை வடிவான செம்புக் கலம். நடுவே அடியிலிருந்து உச்சி வரை ஊடுருவிச் செல்லும் புகைக்குழல். கீழே இரும்புக் கம்பிகளால் ஆன சல்லடைத் தட்டில் சிரட்டையோ கரியோ சுள்ளியோ போட்டு மூட்டினால், தீ அந்தக் குழலின் வழியே நிமிர்ந்து எழும்; நீர் தீயைச் சூழ்ந்து நிற்பதால் உஷ்ணம் வெளியே சிதறுவதற்கு இடமில்லை. ரஷ்யாவின் தூலா நகரத்துச் சமோவாரும் இதே அமைப்புடையது. அங்கே தேநீருக்கு உதவிய யுக்தி இங்கே ஸ்நானத்துக்கும், வீதிமுனைத் தேநீர்க் கடைக்கும் உதவிற்று. நல்ல கன்னார் செய்த பாய்லரில் குளிர்ந்த நீரை ஊற்றும் புனல் கலத்தின் அடிவரைக்கும் இறங்கியிருக்கும். வெந்நீர் விழும் மூக்கோ கழுத்தருகில் இருக்கும். மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாலன்றி மூக்கில் ஒரு செம்பு வெந்நீர் வராது. எடுப்பவர் எவராயினும் எடுத்த அளவு நிரப்பித்தான் ஆகவேண்டும்; கலம் ஒருபோதும் வறண்டு தீய்ந்துபோகாது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கியபின், கரி படிந்த அடிப்பாகம் நீங்கலாக, அது உதயசூரியனைப் போல நிற்கும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு அதைத் தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, மஞ்சளும் குங்குமமும் இட்டு வைப்பார்கள். விடிந்தால் அந்த வெந்நீரில் கங்கை வந்து வாசம் செய்கிறாள் அல்லவா? அடைத்த தீ ஆகையால் மூன்று கல் அடுப்பில் ஏழு கிலோ விறகு செய்த வேலையை இதில் இரண்டு கிலோவே செய்துவிடும். மூன்று நாளுக்கு ஒரு சுமை என்பது பத்து நாளுக்கு ஒன்றாகிறது. மலைவாழ் பெண்ணின் சரித்திரத்தில் இது ஓர் அரசாங்கத் திட்டத்துக்குக் குறைந்த சம்பவம் அல்ல என்று நான் துணிந்து சொல்வேன்.

விறகின் கதை இவ்வளவு இன்பமானதல்ல. கொடைக்கானலில் கணப்பும் வெந்நீரும் பெருகப் பெருக, ஊரைச் சுற்றியிருந்த சோலைக்காடுகள் சுருங்கின. சோலை மரங்கள் மெல்ல வளர்பவை. வெட்டிய இடத்தில் மறுபடி தழைக்கப் பல தலைமுறைகள் வேண்டும். 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காட்டை அரசாங்கத்தின் உடைமையாக்கி வேலி கட்டியபோது, துரைமார் பங்களாவுக்கு விறகு போவது நிற்கவில்லை. காலம் காலமாகச் சுள்ளி பொறுக்கிய மலைமக்களே அத்துமீறியவர்கள் ஆனார்கள். விறகுப் பஞ்சத்துக்குப் பரிகாரமாக ஆஸ்திரேலியாவின் தைலமரமும் வாட்டிலும் மலையேறின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலை வனத்துறையினர் மேல்மலையின் புல்வெளிகளில் பரக்க நட்டார்கள்; மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளிகள் அந்த நிழலில் மறைந்தன. பங்களாத் தொட்டிக்கு நீர் வந்த ஊற்றையே பங்களாவுக்கு விறகு தந்த மரம் வற்றச்செய்தது என்பதை மறைக்க முடியாது.

அந்த வாட்டிலை வெட்டியவர்கள் யார்? 1964ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் அனுப்பப்பட்ட தமிழர்களில் பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து பட்டை உரிக்கும் வேலையிலும் விறகு வெட்டும் வேலையிலும் சேர்ந்தன. அவர்களில் ஒரு பகுதியினர் குத்தகைக்காரரிடம் வாங்கிய முன்பணத்தைத் தீர்க்க வழியின்றி, மரத்தடிக் குடிசைகளில் கொத்தடிமைகளாகவே காலம் தள்ளி, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் துணையால் பிற்பாடு மீட்கப்பட்டார்கள். கொடைக்கானல் விடுதியில் காலை நேரத்தில் வாளிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வெந்நீரில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருந்தது.

இந்தியாவில் சமையல் எரிவாயு உருளை வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1950-களின் நடுவில்; பழனி மலையின் உட்கிராமங்களை அது எட்டுவதற்கு வெகுகாலம் பிடித்தது. எட்டிய பின்பும் பெரும்பாலான வீடுகளில் அது சோற்றுக்கும் தேநீருக்கும் மட்டுமே செலவாகிறது. குளிக்கும் வெந்நீருக்கு விறகுதான். விலையைக் கணக்கிடும்போது இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மின்சார ஹீட்டர் உள்ள வீடுகளிலும், காற்றடித்து மரம் விழுந்து கம்பி அறுந்த நாட்களில் பின்கட்டுப் பாய்லரையே நாடுகிறார்கள். கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலமும், மேலெழும் வெந்நீர், கீழிறங்கும் தண்ணீர் என்ற அதே பழைய சுழற்சியை நம்பியதுதான். ஆனால் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாத கார்த்திகையில் கீழ்மலைக்கு அது முழுத் துணை ஆகாது. சூரியக் கலத்தையும் விறகுப் பாய்லரையும் ஒரே தொட்டியில் இணைத்துவிட்டால் வெயில் நாளில் விறகும், மழை நாளில் அவதியும் மிச்சமாகும். குழாய் வேலை தெரிந்த எந்தத் தொழிலாளியும் அதைச் செய்து கொடுக்கலாம்.

இன்று கீழ்மலையில் சுள்ளி பொறுக்கப் போகும் பெண்கள் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் அஞ்சிக் கூட்டமாகவே போகிறார்கள். மேல்மலையிலோ, புல்வெளியை விழுங்கிய வாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அடர்ந்து நிற்கிறது. 1996ஆம் ஆண்டின் டிசம்பரில் உச்சநீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய ஆணைக்குப் பிறகு அதை அகற்றுவதும் எளிதாக இல்லை. புல்வெளியை மீட்பதற்காக வனத்துறையினர் பகுதி பகுதியாக வாட்டிலை நீக்கும்போது, அந்த மரத்தை மொத்தக் குத்தகைக்கு விடுவதற்கு முன்னால், மலைக்கிராமங்களின் வீடுகளுக்கு நியாயமான விலையில் வீட்டு வாசலிலேயே கிடைக்கச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யானை நடமாடும் சோலைக்குள் ஒரு பெண் சுமைக்காகப் போகும் அவசியம் அதனால் பெருமளவு குறையும். வீட்டுப் பரணில் செம்புப் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: எடைக்குச் செம்பு வாங்குபவர் வாசலில் வந்து நின்றால் கொடுத்துவிடாதீர்கள். சல்லடைத் தட்டு துருப்பிடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். புகைக்குழலில் ஓட்டை விழுந்திருந்தால் கன்னாரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம். அந்த வேலை தெரிந்தவர்கள் கும்பகோணத்திலும் மதுரையிலும் இன்னும் இருக்கிறார்கள்.